கூப்பிடாமல் வந்த வஸ்தி

சூசான் அரமனையிலிருந்து துரத்தப்பட்ட வஸ்தி ராணி, அதற்கப்புறம் எந்த ஊரில் தங்கினாள், யார் கையால் சாப்பிட்டாள், எதை நினைத்து அழுதாள் என்று வேதாகமம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விட்டுவிட்ட அந்த வஸ்தி ராணி, சபையின் அசன விருந்துக்கு முந்தின மாதம் ஒரு வியாழக்கிழமை, நல்ல வெயில் நேரத்தில், திருச்செந்தூர் பஸ்ஸிலிருந்து எலீம்புரம் விலக்கு ஸ்டாப்பில் இறங்கினாள். ஊதா நிறப் பட்டு தேரியின் சிவப்பு மண்ணில் புரண்டது, அவள் அதைத் தூக்கிப் பிடிக்கவில்லை, ஏனென்றால் பின்னால் நாலு பேர் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்ற பழக்கம் இன்னும் அவள் கையை விட்டுப் போயிருக்கவில்லை. என் கதையை எழுதுகிற ஸ்திரீ எங்கே குடியிருக்கிறாள் என்று அவள் கண்டக்டர் ஞானதுரையிடம் கேட்டாள். ஞானதுரை விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அந்தா தெரியுதே ஜெராக்ஸ் கடை, அங்கே போய்க் கேளுங்க என்று கை காட்டிவிட்டு, வண்டிக்கு ரைட் கொடுத்துவிட்டான்.

எலீம்புரத்துக்காரர்கள் இதற்கெல்லாம் அசந்துபோகிறவர்கள் இல்லை. பனையும் கிணறும் கண்ட சந்தோஷத்தில் ஒரு மிஷனெரி அந்த இடத்துக்கு வேதத்திலிருந்து பேர் எடுத்து வைத்த நாளிலிருந்து, வீட்டுக்கு ஒரு சாராளும் தெருவுக்கு ஒரு ரெபெக்காளும் பிறந்து வளர்ந்த ஊர் அது. வேதத்து ஆட்களை அவர்கள் நாசரேத்துப் பக்கம் கட்டிக்கொடுத்த சொந்தக்காரர்களைப் போலத்தான் நினைத்தார்கள், வருவார்கள், போவார்கள், எப்போது வருகிறார்கள் என்பதுதான் சொல்ல முடியாது. ஆகவே ராணியைப் பார்த்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, சாப்பிட்டாச்சா என்பது.

ஜெராக்ஸ் கடை கெத்சியாளுடையது. முப்பது வயதைத் தாண்டின பெண், கண்ணாடி போட்டவள், பகலெல்லாம் ஊராரின் சாதிச் சான்றிதழையும் பத்திரத்தையும் நகல் எடுத்துவிட்டு, சாயங்காலம் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து ஒரு மாதப் பத்திரிகைக்கு வேதத்துப் பெண்களின் காதல் கதைகளை எழுதுகிறவள். தூரதேசத்தில் இருக்கிற முகம் தெரியாத ஒருவனுக்காக ரெபெக்காள் ஒட்டகத்தின் மேல் ஏறினபோது அவள் வயிற்றுக்குள் என்ன பறந்தது, போவாசின் களத்தில் வாற்கோதுமையின் சூட்டுவாசனைக்கு நடுவே ரூத்துக்கு ஏன் மூச்சு முட்டியது, கோபத்தோடு வாளை உருவிக்கொண்டு வந்த தாவீதை மலைச்சரிவில் பார்த்தபோது அபிகாயில் ஏன் கழுதையை ஒரு கணம் நிறுத்தினாள் என்று அவள் எழுதினதைப் பெண்கள் சங்கத்தார் பாட்டுப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தார்கள், அவர்கள் வீட்டு ஆண்கள் அந்தப் பாட்டுப் புத்தகத்தைத் திருடிப் படித்தார்கள். வேதத்தில் இல்லாததை எழுதலாமா என்று ஒருதரம் சுற்றுவட்டாரச் சபைகள் சேர்ந்த சேகரத்துக் கமிட்டியில் கேட்டபோது, வேதத்தில் இருக்கிற எதையும் நான் தொடவில்லை, ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவில் சும்மா கிடக்கிற இடத்தில்தான் குடிசை போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வஸ்தியின் கதையில்தான் அவளுக்குக் கை தடுமாறியது. விருந்தில் குடித்துக் களித்திருந்த அகாஸ்வேரு ராஜா, என் மனைவியின் அழகை ஜனங்கள் எல்லாரும் பார்க்கட்டும், கிரீடத்தோடு கூட்டிவாருங்கள் என்று ஆள் அனுப்பினான், அவள் வரமாட்டேன் என்றாள், அதற்காக ராணிப் பட்டம் போயிற்று. இதில் காதலுக்கு எங்கே இடம்? கடைசியில் ரெண்டு பேரையும் சேர்த்துவைக்காவிட்டால் வாசகிகள் வைவார்கள் என்று பத்திரிகை ஆசிரியர் போனில் சொல்லிக்கொண்டே இருக்க, கெத்சியாள் மனசில்லாமல் ஒரு முடிவு எழுதினாள். ராஜாவின் கோபம் தணிகிறது, மறுபடியும் அழைக்கிறான், வஸ்தி தலைவாரிப் பூச்சூடிப் போகிறாள். பத்திரிகை புதன்கிழமை வந்தது. வியாழக்கிழமை வஸ்தி வந்தாள்.

"நான் போகவில்லை" என்றாள் ராணி, ஜெராக்ஸ் மெஷினுக்கு முன்னால் நின்று. "இரண்டாம் தரமும் அழைத்தான். அப்பொழுதும் நான் போகவில்லை. நீ ஏன் என்னைப் போகச் செய்தாய்?"

அவள் பேசினது வேதாகமத் தமிழ். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தத் தமிழைக் கேட்டு வளர்ந்த கெத்சியாளுக்கு அது ஒரு சிரமமும் தரவில்லை, சிரமம் தந்தது கேள்விதான். ஸ்டூலை இழுத்துப் போட்டு, கருப்பட்டிக் காப்பி போடவா என்று கேட்டாள். ராணி உட்கார்ந்தாள். சரியாக எழுதும்வரைக்கும் நான் இங்கேதான் இருப்பேன் என்று சொல்லி, கெத்சியாள் வீட்டு அடுக்களைக்குப் பக்கத்து அறையில் குடியேறினாள்.

ஊர் அவளைச் சேர்த்துக்கொண்டது. குருவானவரை அங்கே ஐயர் என்றுதான் சொல்வார்கள், அந்த ஐயருக்கு மட்டும் ரெண்டு நாள் தூக்கமில்லை, பெர்சியாக்காரிக்கு, ஞானஸ்நானம் இல்லாதவளுக்கு, திருவிருந்து கொடுப்பதா வேண்டாமா என்று. அவளாகக் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசியில் முடிவு செய்தார், அவள் கேட்கவில்லை, பெண்கள் பக்கம் மின்விசிறிக்குக் கீழே நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு பிரசங்க நேரத்தில் எல்லாரையும் போல அவளும் கண் அயர்ந்தாள். ஐயரம்மா கொடுத்த நூல் சேலை அவளுக்குப் பட்டைவிடப் பொருத்தமாக இருந்தது. பனங்கிழங்கை நாரெடுத்துத் தின்னவும், மீன்காரியிடம் பேரம் பேசவும், பெண்களை ஏட்டி என்று விளிக்கவும் கற்றுக்கொண்டாள், ஆனால் அப்புறமும் ஏட்டிக்குப் பிறகு வருவது வேதாகமத் தமிழாகவே இருந்தது.

ஒன்றே ஒன்றுதான், கூப்பிட்டால் வரமாட்டாள். பெண்கள் சங்கத்தார் மாலையும் கையுமாக வந்து அழைத்தபோது வரவில்லை, சேகரத் தலைவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வெற்றிலை வைத்து அழைத்தபோதும் வரவில்லை, ஆனால் யாரும் சொல்லாமலே பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நாளில் ஊர் விஷயத்தைப் புரிந்துகொண்டது. சாளை மீன் குழம்பு கொதிக்கும்போது கதவைத் திறந்து வைத்துவிட்டு, இன்னைக்கு நம்ம வீட்டுக்கு யாரும் வரண்டாம்ப்பா என்று தெருவைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வார்கள், தட்டு கழுவி வைப்பதற்குள் ராணி வந்து உட்கார்ந்திருப்பாள்.

அதோடு கூடவே இன்னொன்றும் நடந்தது. ரிட்டயரான அருமைராஜ் வாத்தியார் ஒருநாள் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி, ஏட்டி தண்ணி கொண்டா என்று வழக்கம்போலக் குரல் கொடுத்தார், அவர் மனைவியும் வழக்கம்போலச் செம்பை எடுத்தாள், கால் மட்டும் நகரவில்லை. அவளுக்குக் கோபமோ வீம்போ ஒன்றும் கிடையாது, கொண்டுபோகத்தான் நினைத்தாள், கால் மாட்டேன் என்றது. வாத்தியார் எழுந்து நடந்து அடுக்களைக்குப் போனார், அங்கே ஒரு ஜன்னல் இருப்பதையும் அந்த ஜன்னலில் வேதக்கோயில் கோபுரம் தெரிவதையும் அன்றைக்குத்தான் கண்டார், பார்த்துக்கொண்டே அங்கேயே உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். வாரம் முடிவதற்குள் ஊரில் எந்தப் பெண்ணின் காலும் இங்கே வா என்கிற சொல்லுக்கு அசையவில்லை. போய்க் கேட்டால் எல்லாம் நடந்தது, கூப்பிட்டால் ஒன்றும் நடக்கவில்லை. ஆண்கள் நாலு நாள் முனகினார்கள், அப்புறம் நடக்கப் பழகினார்கள், ஆஸ்பத்திரியில் பல பேருக்குச் சர்க்கரை குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். ராணி சொல் கேளாவிட்டால் நாட்டில் ஒரு மனைவியும் புருஷனை மதிக்கமாட்டாள் என்று ராஜாவிடம் பயங்காட்டின மெமுகான் என்கிற மந்திரியைப் பற்றி ஐயர் அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ணினார். அவன் பயந்தது நம்ம ஊரில் நடந்தே விட்டது, ஒன்றும் இடிந்து விழவில்லை, செருப்பு மட்டும் கொஞ்சம் சீக்கிரம் தேய்கிறது என்றார்.

கெத்சியாளுக்குத்தான் இதனால் பெரிய கஷ்டம் வந்தது. அவளுக்குக் கண்டக்டர் ஞானதுரையைப் பிடித்திருந்தது. அவன் அவள் கதைகளை ஸ்டாப்புக்கும் ஸ்டாப்புக்கும் நடுவில் படித்துவிட்டு, பஸ் நிற்கிற அந்த அரை நிமிஷத்தில் ஜன்னல் வழியாகச் சண்டை பிடிக்கிறவன். போவாசை ரொம்ப நல்லவனாக எழுதிவிட்டாய், இப்படி ஒரு மனுஷன் இருந்தால் நாங்கள் எல்லாரும் எங்கே போவது என்று கேட்டவன். அடுத்த நாள் அவனுக்குப் பதில் சொல்வதற்காகவே அவள் கடையை அரைமணி முந்தித் திறப்பாள். கட்டிக்கொள்ளலாம் என்று ரெண்டு பேரும் பேசி முடித்தாகிவிட்டது. பக்கத்து ஊர் ஆனந்தவிளையில் இருந்த அவன் அம்மா ரத்னபாய்க்கும் ஆட்சேபணை இல்லை, முறைப்படி பெண் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர.

அந்த ஒன்றுதான் கெத்சியாளால் முடியாது. இருபது வயதிலிருந்து அவள் தட்டோடு போய் நின்றிருக்கிறாள். கொஞ்சம் நடந்து காட்டும்மா என்றிருக்கிறார்கள், முடி சொந்த முடியா என்று பின்னால் வந்து தொட்டுப் பார்த்திருக்கிறார்கள், கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டு அவள் தடுமாறுகிறாளா என்று கவனித்திருக்கிறார்கள். கடைசியாக வந்தவர்கள் போனபிறகு, இனிமேல் யார் முன்னாலும் போய் நிற்கமாட்டேன் என்று அவள் சொல்ல, அவள் அம்மா சொர்ணபாய் அழுதுவிட்டுச் சரி என்றாள். இதையெல்லாம் ஞானதுரையிடம் சொன்னபோது அவன், "அஞ்சு நிமிஷம்தான கெத்சி, எனக்காக வந்து நின்னுட்டுப் போயிரு" என்றான். அவனா இப்படிச் சொல்கிறான் என்று அவளுக்கு வலித்தது.

ரத்னபாய் நாளும் இடமும் குறித்துவிட்டாள். அசனத்தன்று சேகரத்து ஜனம் மொத்தமும் எலீம்புரம் கோயில் வளாகத்தில் கூடிச் சாப்பிடும், தன் சொந்தபந்தம் எல்லாம் வந்திருக்கும், ஒரே பார்வையில் காரியம் முடியும். பெண் வரவில்லையென்றால் சம்பந்தம் இல்லை என்றும் சொல்லியனுப்பினாள்.

கெத்சியாள் யோசித்து யோசித்து, போய் நிற்பதென்றே முடிவு செய்தாள். அவனை விட்டுவிட அவளுக்கு மனசில்லை, அவ்வளவுதான். ஆனால் கால்? கடலைத் தொலி உரித்துக்கொண்டிருந்த வஸ்தியிடம் போய் உட்கார்ந்து, "ராணியக்கா, ஒருநாள் மட்டும் என் காலை அவுத்து விடுங்க" என்றாள்.

வஸ்தி, நான் யார் காலையும் கட்டவில்லை என்றாள். வரும்போதே பார்த்தேன், இந்த ஊர்க் கால்கள் எல்லாம் எப்போதோ ஓய்ந்துபோயிருந்தன, நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். பிறகு இன்னொரு பிடி கடலையை உரித்துப் போட்டுவிட்டு, கெத்சியாள் கேட்காத ஒன்றைச் சொன்னாள்.

"ஏட்டி, அவன் விருந்துசாலைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு தாழ்வாரம் மாத்திரமே இருந்தது. முதல்தரம் பிரதானிகளை அனுப்பினான். கோபம் தணிந்தபின் மறுபடியும் பிரதானிகளை அனுப்பினான். நான் கதவண்டையிலே நின்று காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவன் ஒருதரம் தானே எழுந்து நடந்து வந்திருந்தால் கதவைத் திறந்திருப்பேன். நான் அவனை நேசித்தேன்."

இத்தனை நாள் தேடின காதல் கதை அது என்று கெத்சியாளுக்குத் தெரிந்தது. எழுத வேண்டும் என்று தோன்றவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அசன நாள் வந்தது. ஓலைப் பந்தலுக்குக் கீழே நீள நீளமாகப் பாய் விரித்து வாழையிலை போட்டிருந்தார்கள், அண்டா அண்டாவாகச் சோறு வெந்து ஆட்டுக்கறிக் குழம்பின் மணம் விலக்குவரைக்கும் போனது, யாரும் கூப்பிடாததால் வஸ்தியும் வந்து கெத்சியாளுக்கும் சொர்ணபாய்க்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஐயர் ஜெபம் பண்ணி முடித்தார். பந்தியின் அந்தக் கோடியில் தன் சொந்தக்காரிகள் சூழ உட்கார்ந்திருந்த ரத்னபாய், "சொர்ணபாய் மகளை எந்திரிச்சு இங்க வரச் சொல்லுங்க, எங்க ஆளுங்க எல்லாரும் ஒருதரம் பாத்துக்கிடட்டும்" என்றாள். அந்தச் சொல் இலைக்கு இலை, வாய்க்கு வாய் கடந்து, ராஜாவின் பிரதானிகளைப் போல வரிசையாக வந்து கெத்சியாள் முன்னால் நின்றது.

அவள் எழுந்திருக்கத்தான் பார்த்தாள். கையைப் பாயில் ஊன்றினாள், ஞானதுரையின் முகத்தை நினைத்துக்கொண்டாள், போய்விட்டு வந்துவிடலாம் என்று தனக்குத்தானே சொன்னாள். கால் அசையவில்லை. தட்டோடு நின்ற அத்தனை தடவையும் அந்தக் கால்தான் நின்றது, அதற்குத் தெரிந்தது மனசுக்குத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தாள். ஊன்றின கையை எடுத்துவிட்டு, "வரலைன்னு சொல்லிருங்க" என்றாள்.

சொல் வந்த வழியே திரும்பிப் போனது. அப்போ இந்தப் பேச்சை இத்தோட விட்டிருவோம் என்று ரத்னபாய் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. கெத்சியாள் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள், கண்ணாடிக்குள் தண்ணீர் தேங்கிவிட்டது, போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தாள்.

ஆனால் ரத்னபாய் ஒன்றை மறந்திருந்தாள், ஆண்டுதோறும் அசனம் சாப்பிட்டவளுக்கு அது எப்படி மறந்தது என்பது ஆனந்தவிளையில் இன்றைக்கும் பேச்சாக இருக்கிறது. அசனத்தில் பெண்கள் உட்காருவார்கள், ஆண்கள்தான் பரிமாறுவார்கள். உட்கார்ந்தவர் பந்தி முடியாமல் எழக்கூடாது, வாளியைத் தூக்கினவர் ஒரு இலையையும் தாண்டிப் போகக்கூடாது. அப்படியாக, ஊர்ப் பெண்கள் மொத்தமும் உட்கார்ந்திருக்க, எல்லார் கண்ணுக்கும் முன்னால் கையில் பாத்திரத்தோடு, தலையில் துண்டும் முகத்தில் வேர்வையுமாக நின்றது குழம்பு வாளிக்காரன் ஞானதுரை.

முதலில் கவனித்தது பாடகர் குழுவின் ஜாய்ஸ்பாய். "மாப்பிள நல்லாத்தான் நிக்காரு. கொஞ்சம் நடந்து காட்டும் தம்பி" என்றாள். பந்தலில் ஒரு சிரிப்பு எழுந்தது. ஞானதுரை குனிந்து அவள் இலையில் குழம்பு விட்டான். அடுத்த இலைக்காரி, முடி சொந்த முடியா என்று கேட்டு, துண்டை விலக்கிப் பார்த்தாள். அதற்கடுத்தவள் பாட்டுப் பாடத் தெரியுமா என்றாள், இன்னொருத்தி ஏன் இப்படிக் கறுத்திருக்கிறது, வெயிலா பிறவியா என்றாள், கை நடுங்குதே, நரம்புத் தளர்ச்சி உண்டுமா என்று ஒருத்தி அக்கறையாக விசாரித்தாள். எந்த இலையையும் தாண்டிப் போக வழியில்லை. காது மடல் சிவக்க, ஒவ்வொரு இலைக்கும் குனிந்து, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லி, அந்த நீளப் பந்தியை முழுதாக நடந்து அவன் வந்துகொண்டிருந்தான். பாதி தூரத்தில் அவன் முகம் மாறுவதைக் கெத்சியாள் பார்த்தாள். வெட்கம் போய் அதில் வேறொன்று வந்திருந்தது. பக்கத்தில் வஸ்தி இலையில் கை வைக்காமல் அந்தக் காலடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் மூச்சு விடுகிற சத்தம் கெத்சியாளுக்குக் கேட்டது.

அவன் கெத்சியாள் இலைக்கு முன்னால் வந்து நின்றான். குழம்பு ஊற்றவில்லை.

"அஞ்சு நிமிஷம்னு சொன்னேன். அது எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியாமப் போச்சு" என்றான். பிறகு, எல்லாருக்கும் கேட்கிறது என்று தெரிந்தே, "உன்ன வான்னு கூப்பிட மாட்டேன் கெத்சி. நான் வரட்டுமா?" என்றான்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு அவனை நன்றாக, மேலிருந்து கீழாக, அவசரமில்லாமல் பார்த்தாள். "மொதல்ல குழம்ப விடுங்க. பெறவு வாங்க" என்றாள்.

வஸ்தி ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு நகர்ந்தாள். ஒரு ராஜாவுக்காக எத்தனையோ காலமாக அவள் வைத்திருந்த இடம் அது. அதைக் கையால் தட்டி, உட்காரும் என்றாள். ஞானதுரை வாளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான், அசனத்தின் சட்டத்தில் அதற்கு இடமில்லை, ஐயர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது அந்தக் கோடியில் ரத்னபாய் எழுந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பந்தி முடியாமல் எழுந்தவளை ஊரே திரும்பிப் பார்க்க, அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மகன் வந்த அதே வழியில் நடந்து வந்து கெத்சியாள் முன்னால் நின்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு என் அம்மா என் வளையல சரிபண்ணுத மாதிரி கையப் பிடிச்சுக்கிட்டே நின்னா, இல்லைன்னா நான் விழுந்திருப்பேன் என்று மெதுவாக, கெத்சியாளுக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொன்னாள். அப்புறம் எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"பொண்ணு பாக்கணும்னு வந்தேன். என் பையன இன்னைக்குத்தான் பாத்தேன்."

சொல்லிவிட்டு வாளியைத் தூக்கினாள், அது கனமாக இருந்தது, ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதல் அகப்பைக் குழம்பை மகன் பக்கம் கொண்டுபோகாமல் கெத்சியாளின் இலைக்குக் கொண்டு வந்து, ஊற்றுவதற்கு முன்னால் நிறுத்தி, விடட்டுமா என்று கேட்டாள்.

விடுங்க அத்தை என்றாள் கெத்சியாள்.